தொட்டிக்குத் தண்ணீர் ஏறிய அன்று

(ஊர்ப்புற நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற சுகாதார ஆய்வாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம். வாசகர் வட்டத்து நண்பர்களுக்கும், செவிலியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்கும், முன்வரிசையில் இருக்கும் ஊராட்சிச் செயலருக்கும், கதவோரம் நிற்கிற டேங்க் ஆபரேட்டர் தம்பிக்கும் வணக்கம். தம்பி, உள்ளே வந்து உட்காருங்கள். இன்றைக்குப் பேச்சே உங்களைப் பற்றித்தான்.

அழைப்பிதழில் 'நீடித்த நிலையான வளர்ச்சி இலக்குகளும் பொது சுகாதாரமும் மீள்திறனும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். என் மனைவி படித்துவிட்டு, "இதைச் சொல்லி முடிப்பதற்குள் காபி ஆறிப்போகும்" என்றாள். நீடித்தது என்றாலே நிலையானதுதானே, எதற்கு இரண்டு சொல் என்று எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு. அரசுக் காகிதங்களில் அப்படித்தான் வருகிறது, விட்டுவிடுவோம்.

விஷயம் இதுதான். 2015 செப்டம்பர் 25 அன்று ஐ.நா.வின் 193 உறுப்பு நாடுகள் சேர்ந்து, 2030க்குள் எட்ட வேண்டியவை என்று 17 இலக்குகளை ஏற்றுக்கொண்டன. அவற்றுக்குள்ளே 169 உட்பிரிவுகள். கலெக்டர் ஆபீஸ் சுவரில் அந்தப் போஸ்டரைப் பார்த்திருப்பீர்கள். கலர் கலராகக் கட்டங்கள். மூன்றாவது கட்டம் பச்சை, அது ஆரோக்கியம். ஆறாவது நீலம், தண்ணீரும் கழிப்பறையும். ஏழாவது மஞ்சள், மின்சாரம். அந்தப் போஸ்டரில் எனக்கு ஒரே ஒரு குறைதான். கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவே வெள்ளையாக ஒரு கோடு விட்டிருக்கிறார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் ஹெல்த் இன்ஸ்பெக்டராக ஊர் ஊராகச் சுற்றினேன். அந்தக் கோட்டை எந்த ஊரிலும் நான் பார்த்ததில்லை.

கஜா புயல் எல்லாருக்கும் நினைவிருக்கும். 2018 நவம்பர் 16, விடிவதற்கு முன்னால் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரை ஏறியது. எச்சரிக்கை நாலைந்து நாள் முன்பே வந்துவிட்டது. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முகாம்களுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அதனால் தப்பிய உயிர்கள் அதிகம். இதைக் குறைத்துப் பேசுகிறவர்கள் 2004 டிசம்பர் 26 காலையை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும். அன்றைக்கு இந்தியப் பெருங்கடல் கரையில் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லை. ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்ததே 2007இல்தான்.

சரி, கஜாவுக்கு வருகிறேன். விடிந்து வெளியே வந்தால் தென்னை எல்லாம் படுத்துக் கிடக்கிறது. மின்கம்பங்கள் லட்சத்துக்கும் மேல் சாய்ந்துவிட்டன. சோறு எப்படியோ வந்தது. பக்கத்து மாவட்டத்துக்காரர்கள் வேன் வைத்துக் கொண்டுவந்தார்கள். மத்தியானத்துக்குள் சனங்கள் கேட்டது ஒன்றைத்தான், தண்ணீர். இரவெல்லாம் கொட்டிய மழை தெருவில் நிற்கிறது. போர்வெல் நிறையத் தண்ணீர் கிடக்கிறது. நாற்பதடி உயரத்தில் முப்பதாயிரம் லிட்டர் தொட்டி நிற்கிறது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது. தொட்டி காலி.

அடிபம்பு எங்கே என்று கேட்டேன். ஊரில் முன்பு ஏழு இருந்தது. இரண்டு வேலை செய்தது. ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. மீதி நாலைப் பிடுங்கிவிட்டு அதே குழாயில் மோட்டார் இறக்கியிருந்தார்கள். மோட்டார் போட்டதைத் தப்பு என்று சொல்லவில்லை. நம் வீட்டுப் பெண்கள் எத்தனை வருஷம் அந்தக் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினார்கள்! மோட்டார் வேண்டும். பிடுங்கின நாலில் இரண்டையாவது விட்டுவைத்திருக்கலாம், அவ்வளவுதான். 'மீள்திறன்' என்று இப்போது ஒரு சொல் புழங்குகிறது. எங்கள் பக்கத்தில் 'தாங்குமா?' என்று கேட்போம். கீற்றுப் போடும்போது கேட்போம், வரப்பு வெட்டும்போது கேட்போம். பம்பைப் பிடுங்கின அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு மினி லாரியில் ஜெனரேட்டர் வந்தது. அந்த வண்டிக்காகப் பக்கத்து ஊர்க்காரர்கள் சாலையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு ஊருக்கு மூன்று மணி நேரம், அப்புறம் அடுத்த ஊர். மோட்டார் சத்தம் கேட்டதும் கோயில் திருவிழாவுக்கு வருவதுபோல் குடத்தோடு கூட்டம் வந்துவிட்டது. இப்போது போஸ்டரை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் கட்டம் விழுந்தது, நீலக் கட்டம் காய்ந்தது, அடுத்து பச்சைதான் போகும். குட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றுப்போக்கோடு குழந்தைகள் வர ஆரம்பித்தால் எங்களிடம் இருக்கிற உப்புக்கரைசல் பொட்டலம் எத்தனை நாளைக்கு வரும்?

தண்ணீர் ஏறியாயிற்று. குளோரின் போட வேண்டும். பஞ்சாயத்து அறையைத் திறந்து பிளீச்சிங் பவுடர் மூட்டையை எடுத்தோம். எப்போதோ பிரித்த மூட்டை, வாய் கட்டவில்லை, மழையில் அடிப்பக்கம் கட்டிதட்டிப் போயிருந்தது. கையில் எடுத்து முகர்ந்தேன். நல்ல பவுடர் என்றால் கண்ணில் நீர் வர வேண்டும். வரவில்லை. குளோரின் பறந்துபோய் வெறும் சுண்ணாம்புதான் மிச்சம். அதைப் போட்டிருந்தால் பதிவேட்டில் 'குளோரினேற்றம் செய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. பைக்கை எடுத்துக்கொண்டு விழுந்து கிடந்த மரங்களுக்கு நடுவே பன்னிரண்டு கிலோமீட்டர் போய் வேறு மூட்டை வாங்கி வந்தோம். பைக் ஓட்டினது இளைஞன் ஒருவன். நான் பின்னால் மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைகளே, நீங்கள் எழுதிக்கொள்ளலாம். ஆயிரம் லிட்டருக்கு நாலு கிராம், அப்படியென்றால் அந்தத் தொட்டிக்கு 120 கிராம். நேராகத் தொட்டியில் கொட்டக்கூடாது. வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைத்து, அப்புறம் முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த தண்ணீரை மட்டும் ஊற்ற வேண்டும். அரைமணி நேரம் விட்டுத்தான் குழாயைத் திறக்க வேண்டும். சோதனையைத் தொட்டியடியில் செய்வதில் பிரயோஜனமில்லை. தெருக்கோடியில் இருக்கிற கடைசிக் குழாயில் பிடித்துப் பார்க்க வேண்டும். அங்கே லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். புயல், வெள்ளக் காலமென்றால் 0.5. அதைப் பார்க்கிற குளோரோஸ்கோப் பெட்டியைக் கொண்டுவந்திருக்கிறேன். மேஜைமேல் இருக்கட்டும், பிறகு வருகிறேன்.

சுனாமி சமயத்தில் வேறு மாவட்டத்திலிருந்து என்னை நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் ஆறாயிரம் பேருக்கு மேல். அக்கரைப்பேட்டையையும் கீச்சாங்குப்பத்தையும் பற்றி நான் பேசப் போவதில்லை, என்னால் முடியாது. அடுத்து காலரா வரும், அலையில் பிழைத்தவர்களை அது கொண்டுபோகும் என்று எல்லாரும் பயந்தார்கள். வரவில்லை. தட்டம்மை சில இடங்களில் தலைகாட்டியது உண்மை. மற்றபடி பெரிய கொள்ளைநோய் எதுவும் இல்லை. பல ஊர்களிலிருந்து வந்த துப்புரவுப் பணியாளர்கள் ராப்பகலாக வேலை செய்தார்கள். முகாம் முகாமாகக் குளோரின் பார்த்தோம், பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டோம். யாரும் அங்கே போய்ப் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. திருவிழாவுக்கும் ஆடி அமாவாசைக்கும் வருஷாவருஷம் செய்த வேலைதான் அது. சென்னை மாகாணத்தில் பொது சுகாதாரச் சட்டம் வந்தது 1939இல். சிகிச்சைக்கு ஒரு துறை, நோய் வராமல் பார்க்கத் தனியாக ஒரு துறை என்று இந்த மாநிலத்தில் ரொம்ப காலமாக இருக்கிறது. எல்லா மாநிலத்திலும் அப்படி இல்லை.

ஆகவே மதிப்பெண்ணும் நன்றாகத்தான் வருகிறது. இந்த இலக்குகளில் எந்த மாநிலம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, மத்திய அரசின் நிதி ஆயோக் 2024 ஜூலையில் வெளியிட்ட பட்டியலில் கேரளாவுக்கும் உத்தராகண்டுக்கும் 79, தமிழ்நாட்டுக்கு 78. பிரசவத்தில் தாய் இறப்பது லட்சத்துக்கு 70க்குக் கீழே வர வேண்டும் என்பது 2030க்கான இலக்கு. 2018-20 கணக்கிலேயே நமக்கு 54. உலகம் முழுக்கப் பார்த்தால் கதை வேறு. 2024இல் ஐ.நா. தன் அறிக்கையிலேயே, அளந்து பார்க்க முடிந்த உட்பிரிவுகளில் 17 சதவீதம்தான் சரியான வேகத்தில் போகிறது என்று ஒப்புக்கொண்டது.

நம் 78ஐக் கேட்டு நான் துள்ளிக் குதிக்காததற்குக் காரணம் உண்டு. எத்தனை வீட்டுக்குக் குழாய் இருக்கிறது என்பதைப் பட்டியல் எண்ணுகிறது. கரண்ட் போனால் அந்தக் குழாயில் எத்தனை நாளைக்குத் தண்ணீர் வரும் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. பவுடர் மூட்டையின் வாய் கட்டியிருக்கிறதா என்பதற்கும் கிடையாது.

இன்னொன்று சொல்ல வேண்டும், அது சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும். 2020இல் தமிழ்நாட்டில் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், ரத்தக்கொதிப்பு இருப்பவர்களில் 7.3 சதவீதம் பேருக்குத்தான் அது கட்டுப்பாட்டில் இருந்தது. சர்க்கரைக்கு 10.8. தாய் சேய் நலத்தில் பெயர் வாங்கிய மாநிலத்துக்கு இது தலைகுனிவுதான். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கினார்கள், மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கஜா சமயத்தில் அது இல்லை. இன்சுலின் போடுகிறவர்கள் யார் யார் என்று எங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் அம்மாவுக்கு மட்டும் தெரியும், ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். ஃபிரிட்ஜ் வேலை செய்யாத வீடுகளுக்கு நடந்தே போனார். மண்பானைக்குள் ஈர மணல் பரப்பி, அதில் சின்னச் சட்டி வைத்து, மருந்துக் குப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அதற்குள் வைக்கச் சொல்லிக்கொடுத்தார். அந்த நோட்டை யாரும் கேட்டு அவர் எழுதவில்லை. படிவத்தில் அதற்கு இடமும் இல்லை. சரியாக முப்பத்தாறு பெயர், கடைசிப் பக்கத்தில் வீட்டு அடையாளம்: 'புளியமரத்துக்கு எதிர் வீடு' என்று. புளியமரம் புயலில் போய்விட்டது, வீடு இருந்தது.

வெயிலைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் அரசு அறிவித்துவிட்டது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் உண்டு. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாக்களுக்கு இறப்பதற்கு முன்னால் ஒரு நிழலும் ஒரு பானைத் தண்ணீரும் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

பேசினது போதும். அந்தப் பெட்டியைத் திறப்போம். மூன்றாவது வரிசையில் இருக்கிற பாப்பா, நீ வாம்மா. வாசலில் இருக்கிற குழாயில் இந்தக் கண்ணாடிக் குழலைப் பிடித்துக்கொண்டு வா. முதலில் தண்ணீரைக் கொஞ்சம் ஓடவிடு. கோடு வரைக்கும் பிடித்தால் போதும். கொண்டுவந்தாயா? இப்போது இந்தச் சின்னப் புட்டியிலிருந்து சொட்டு விடு. மெதுவாக. குலுக்கு. குளோரின் இருந்தால் மஞ்சள் வரும். வெளிச்சத்தில் தூக்கிக் காட்டு, எல்லாரும் பார்க்கட்டும்.

ஒன்றும் வரவில்லை, இல்லையா? இன்னொரு முறை பிடித்துப் பாரும்மா, என் மருந்தே கெட்டுப்போயிருக்கலாம். எதற்கும் பஸ் ஸ்டாண்ட் குழாய்த் தண்ணீர் கொஞ்சம் பாட்டிலில் கொண்டுவந்திருக்கிறேன், அதிலும் விடு. பார்த்தீர்களா, இது மஞ்சள். மருந்து சரியாகத்தான் இருக்கிறது. இரண்டாவது தடவையும் நம் குழாய் வெள்ளைதானா?

தம்பி, ஆபரேட்டர் தம்பி, உங்களைக் குற்றம் சொல்ல இதைச் செய்யவில்லை. என்ன ஆயிற்று, சொல்லுங்கள். பயப்படாமல் சத்தமாகச் சொல்லுங்கள், பின்னால் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும்.

பவுடர் தீர்ந்து பத்து நாள் ஆகிறதாம். இரண்டு தடவை எழுதிக்கொடுத்திருக்கிறாராம்.

சரி, நான் உட்காருகிறேன். செயலர் சார், மைக்கை வாங்கிக்கொள்ளுங்கள்.