பெரிய எழுத்தே இல்லாத மொழியில் எம்எஃப் டூம்

வணக்கம் மக்களே. இந்த வீடியோ என் திட்டத்திலேயே இல்லை. இரும்பு முகமூடியோடு மேடையேறிய ராப் பாடகர் எம்எஃப் டூம் பற்றிய என் போன வீடியோவுக்குக் கீழே வந்த ஒரு கமெண்ட்தான் இதற்குக் காரணம். "டூம் பெயரை எல்லாமே கேப்பிட்டலில்தான் எழுதணும், அதுகூடத் தெரியாமல் எதுக்கு வீடியோ போடுறீங்க?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஐயா, தெரியும். அவருடைய 'மேட்வில்லனி' ஆல்பத்தில் ஒரு பாட்டின் தலைப்பே அந்தக் கட்டளைதான். ஆனால் நான் தலைப்பு வைத்தது தமிழில். தமிழில் கேப்பிட்டலுக்கு எங்கே போவேன்?

இருந்தாலும் ரோஷம் விடவில்லை. என் முகம் இருக்கிற தம்ப்நெயிலை, அதாவது வீடியோவின் முகப்புப் படத்தை, திறந்து 'டூம்' என்பதைத் தடிமனாக்கினேன், பெரிதாக்கினேன், இன்னும் பெரிதாக்கினேன். 'ம்' மேல் இருக்கிற புள்ளி நேராக வந்து என் நெற்றியில் பொட்டு மாதிரி உட்கார்ந்துகொண்டது. இடப்பக்கம் தள்ளினால் துணைக்கால் வெட்டுப்படுகிறது... இல்லை, துணைக்கால் இல்லை, 'டூ'வின் சுழி. கீழே இறக்கினால் என் தாடையைக் காணோம். இரண்டு மணி நேரம்! கடைசியில் அந்தப் புள்ளியையே ஒரு குட்டி இரும்பு முகமூடியாக வரைந்துவிட்டேன். இதோ, திரையில் பாருங்கள். கண்ணுக்கு இரண்டு ஓட்டைகூட இருக்கின்றன. இதைச் செய்தது நான்தான் என்பதை இன்னொரு முறை சொல்லிக்கொள்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். "முகமூடி வெறும் விளம்பரம்" என்று இன்னும் சிலர் எழுதியிருந்தீர்கள். எனக்கு எரிச்சல் வந்தது அங்கேதான். முகமூடி வருவதற்கு முன்பே அவருக்கு ஒரு முழு வாழ்க்கை இருந்தது. டேனியல் டூமிலே, அன்றைய மேடைப் பெயர் ஜெவ் லவ் எக்ஸ். தம்பி சப்ராக்கோடு கேஎம்டி என்ற ராப் குழு. எலெக்ட்ரா என்ற இசை நிறுவனத்தில் 1991 இல் முதல் ஆல்பம். 1993 இல் தம்பி கார் மோதி இறந்துபோகிறார். அண்ணன் இரண்டாவது ஆல்பத்தைத் தனியாக முடித்துக் கொடுக்கிறார். 1994 இல் அட்டைப்படம் பிரச்சினையாகி, நிறுவனம் ஆல்பத்தையும் நிறுத்தி, குழுவையும் கழற்றிவிடுகிறது. அதன்பிறகு சில வருஷம் ஆளையே காணோம். திரும்பி வந்தது மன்ஹாட்டனில் ஒரு சின்ன மேடையில், காலுறைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு. இதை விளம்பரம் என்றால் நான் என்ன சொல்ல?

1999 இல் 'ஆபரேஷன்: டூம்ஸ்டே', ஃபாண்டில் எம் என்ற சின்ன இசை நிறுவனத்தில். பீட், அதாவது ராப்புக்குப் பின்னால் ஓடுகிற இசை, எல்லாம் பெரும்பாலும் அவருடையவை. எண்பதுகளின் வழவழப்பான ஆர் அண்ட் பி பாட்டில் நாலு வினாடியை வெட்டிச் சுற்ற விடுவார், நடுவில் பழைய கார்ட்டூன் வில்லன் பேசுவான். வேறு யாராவது செய்தால் சோம்பேறித்தனம் என்பேன். இவர் செய்தால் மட்டும் எப்படியோ சிரிப்பும் வருகிறது, தொண்டையும் அடைக்கிறது. ராப் செய்யும்போது மெட்டல் ஃபேஸ், பீட் செய்யும்போது மெட்டல் ஃபிங்கர்ஸ், இரண்டுக்கும் சுருக்கம் எம்எஃப். 2003 இல் கிங் கிடோரா என்ற பெயரில் ஒரு ஆல்பம், விக்டர் வான் என்ற பெயரில் இன்னொன்று. பெரிய நிறுவனம் எதுவாவது ஒரே ஆளை ஒரே வருஷத்தில் இரண்டு பெயரில் விற்கச் சம்மதிக்குமா?

2004 மார்ச்சில் பீட் தயாரிப்பாளர் மேட்லிப்போடு சேர்ந்து செய்த 'மேட்வில்லனி'. வெளியாக ஒரு வருஷத்துக்கும் மேல் இருக்கும்போதே அதன் முதல் வடிவம் இணையத்தில் கசிந்துவிட்டது. மனுஷன் என்ன செய்தார்? வரிகளைத் திரும்பப் பதிவு செய்தார், குரலை இறக்கி, சாவகாசமாக. நேற்று இரண்டையும் ஹெட்போனில் அடுத்தடுத்துக் கேட்டேன். கசிந்ததில் ஆள் துள்ளுகிறார். வெளியானதில் சாய்வு நாற்காலியில் கிடந்தபடி பேசுகிற மாதிரி இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான். யாப்பில் இயைபு என்போமே, அடியின் கடைசியில் ஒலி ஒத்து வருவது, அது அவருக்குப் போதாது. அடி நடுவிலேயே நாலைந்து அசை சேர்ந்தாற்போல் ஒத்துக்கொண்டே போகும். துள்ளிப் பாடினால் அது காதில் விழாது.

அதே வருஷ நவம்பரில் 'எம்எம்..ஃபுட்'. ஆங்கிலத்தில் தன் பெயர் எழுத்துகளையே கலைத்துப்போட்டு வைத்த தலைப்பு. தமிழில் இதையும் காட்ட முடியாது, தயவுசெய்து கமெண்ட்டில் ஆரம்பிக்காதீர்கள்.

பிடிக்காததையும் சொல்லிவிடுகிறேன். சில நிகழ்ச்சிகளுக்குத் தனக்குப் பதில் வேறு ஆளை முகமூடி போட்டு அனுப்பினார். கேட்டதற்கு அதுவும் கலை என்கிற மாதிரி விளக்கம். காசு கொடுத்து வந்தவன் வரிசையில் நின்றிருக்கிறான், ஐயா. ரசிகன் என்பதற்காக நான் இதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன்.

2010 இல் வெளிநாட்டுக் கச்சேரிகளுக்குப் போனவரை அமெரிக்கா திரும்ப உள்ளே விடவில்லை. அடடா, முக்கியமானதை விட்டுவிட்டேன்! அவர் பிறந்தது லண்டனில், 1971 இல். சின்ன வயதிலேயே நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டுக்கு வந்து வளர்ந்தவர், ஆனால் அமெரிக்கக் குடியுரிமை வாங்கவே இல்லை. இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கணும், எல்லாம் அந்தப் புள்ளியால் வந்த வினை. அதனால் கடைசி வருஷங்கள் இங்கிலாந்தில்தான். 2020 அக்டோபர் 31 அன்று லீட்ஸில் இறந்தார், வயது 49. டிசம்பர் 31 அன்றுதான் மனைவி உலகத்துக்குச் சொன்னார். இரண்டு மாதம் யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வீடியோவில் 'ஸ்பெஷல் ஹெர்ப்ஸ்' வரிசை, பாட்டு இல்லாத வெறும் பீட்கள் மட்டும். அந்த கமெண்ட் நண்பரே, இந்தத் தம்ப்நெயிலையும் ஒரு பார்வை பாருங்கள். புள்ளி இந்த முறை மூக்கில் இருக்கிறது.