டிரெட்மில் நார்மல் என்றால் இதயமும் நார்மலா?

[திரை: டிரெட்மில்லில் நடக்கும் ஒருவர். பக்கத்தில் ஓடும் இசிஜி கோடு.]

"போன மாதம்தானே டிரெட்மில் டெஸ்ட் எடுத்தார், நார்மல் என்றுதானே சொன்னார்கள்? அப்புறம் எப்படி அட்டாக் வந்தது?" மாரடைப்பு வந்த வீட்டில் இப்படிக் கேட்காதவர்கள் குறைவு. டெஸ்டில்தான் ஏதோ கோளாறு என்ற சந்தேகமும் கூடவே வரும். பெரும்பாலும் டெஸ்ட் சரியாகவே நடந்திருக்கும். அது தேடியது ஒன்று, மாரடைப்பைக் கிளப்பியது வேறொன்று.

[திரை: இதயத்தின் மேல் ஓடும் ரத்தக்குழாய்கள். ஒன்றை மட்டும் பெரிதாக்கி, குறுக்குவெட்டில்.]

இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள் கிளம்பும் இடத்திலேயே 3, 4 மில்லிமீட்டர் அகலம்தான். கொழுப்பு நேராக ரத்தம் ஓடும் பாதையில் போய்ப் படிகிறது என்றே பலரும் நினைக்கிறோம். அது சேர்வது குழாயின் சுவருக்குள். சேரச் சேரக் குழாய் வெளிப்பக்கமாக விரிந்து இடம் கொடுக்கிறது. அதனால் ஆரம்பத்தில் பாதை குறுகுவதே இல்லை. சீமோர் கிளாகோவ் என்ற நோயியல் நிபுணரின் குழு 136 இதயங்களை ஆராய்ந்து 1987-ல் இதைக் காட்டியது. படிவு குழாயின் குறுக்குப் பரப்பில் ஏறக்குறைய 40 சதவீதத்தைப் பிடிக்கும்வரை உள்வழி பெரிதாக மாறுவதில்லை.

டிரெட்மில் டெஸ்டுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: வேகமாக நடக்கும்போது இதயத் தசைக்கு ரத்தம் போதுகிறதா? போதாமல் போக, குழாய் நன்றாகவே குறுகியிருக்க வேண்டும், பொதுவாக 70 சதவீதம் அளவுக்கு. 30 சதவீதம் அடைப்பு இருப்பவர் மூச்சு வாங்கினாலும் வலி இல்லாமல் டெஸ்டை முடித்துவிடுவார். ஆனால் அந்தச் சின்னப் படிவின் மேல்மூடி ஒருநாள் கிழிந்தால், அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, சில நிமிடங்களில் குழாய் மொத்தமாக அடைத்துக்கொள்ளலாம்.

சரி, சுவருக்குள் இருப்பதை எப்படிப் பார்ப்பது?

[திரை: சிடி ஸ்கேன் மேசை. நெஞ்சில் இசிஜி பட்டைகள்.]

அதற்கு இருக்கும் எளிய வழி கால்சியம் ஸ்கேன். ஊசி கிடையாது, குழாய் படத்தில் தெளிவாகத் தெரிய ஏற்றும் டை மருந்தும் கிடையாது. நெஞ்சில் இசிஜி பட்டைகளை ஒட்டி மேசையில் படுக்க வைப்பார்கள். "மூச்சை இழுத்துப் பிடியுங்கள்" என்று குரல் வரும். இரண்டு துடிப்புக்கு நடுவே இதயம் தளர்ந்து அசையாமல் இருக்கும் அந்த நொடிப்பொழுதை இசிஜி காட்டிக்கொடுக்க, இயந்திரம் அப்போது மட்டும் படம் பிடிக்கும். சில நொடிகளில் முடிந்துவிடும். கதிர்வீச்சு சுமார் 1 மில்லிசீவர்ட்.

பழைய படிவுகளில் கால்சியம் சேரும். சிடி படத்தில் கால்சியம் எலும்பைப் போல வெள்ளையாகத் தெரியும். அந்த வெள்ளைப் புள்ளிகளை ஒரு எண்ணாக மாற்றும் முறையை ஆர்தர் அகாட்ஸ்டனும் வாரன் ஜனோவிட்ஸும் மற்றவர்களும் 1990-ல் வெளியிட்டார்கள். இன்றும் ரிப்போர்ட்டில் 'அகாட்ஸ்டன் ஸ்கோர்' என்றுதான் இருக்கும்.

[திரை: ஒரு படத் துண்டு. ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியைச் சுற்றி வட்டம்.]

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை, போட்டே பார்ப்போம். சிடி அளவுகோலில் தண்ணீர் 0, காற்று மைனஸ் 1000. 130-ஐத் தொடும் இடத்தைக் கால்சியம் என்று எடுத்துக்கொள்வார்கள். இந்தப் புள்ளியின் பரப்பு 6 சதுர மில்லிமீட்டர், அதில் மிக வெள்ளையான இடத்தின் அளவு 320 என்று வைத்துக்கொள்ளுங்கள். 130 முதல் 199 வரை என்றால் 1-ஆல் பெருக்க வேண்டும், 200-களுக்கு 2, 300-களுக்கு 3, 400-உம் அதற்கு மேலும் 4. ஆக 6 பெருக்கல் 3, இந்தப் புள்ளிக்கு 18. இப்படி எல்லாத் துண்டுகளிலும் எல்லாப் புள்ளிகளையும் கூட்டினால் வருவதுதான் ஸ்கோர்.

இங்கேதான் பெரிய குழப்பம் வருகிறது. ஸ்கோர் 80 என்றால் 80 சதவீதம் அடைப்பு என்று நினைத்துத் தூக்கம் இழப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. இந்த எண் எந்தக் குழாயும் எவ்வளவு குறுகியிருக்கிறது என்று சொல்லாது. சுவர்களில் மொத்தம் எவ்வளவு கால்சியம் சேர்ந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும். 1,000-க்கு மேல் ஸ்கோர் வாங்கியும் ஸ்டென்ட் (குறுகிய குழாயை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) தேவைப்படாதவர்கள் இருக்கிறார்கள்.

[திரை: எண் கோடு. 0, 100, 400.]

அப்படியானால் எண்ணை எப்படிப் படிப்பது? 0 என்றால் அடுத்த சில ஆண்டுகளுக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. 1 முதல் 99 வரை நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். 100-ஐத் தாண்டினால் ஆபத்து தெளிவாகக் கூடுகிறது. 400-க்கு மேல் படிவு பரவலாக இருக்கிறது. அமெரிக்காவில் 2000-ல் தொடங்கிய மெசா என்ற ஆய்வு, இதய நோய் இல்லாத 6,814 பேரை, 45 முதல் 84 வயதுக்காரர்களை, ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தது. 100-க்கு மேல் இருந்தவர்களுக்கு இதயப் பாதிப்பு வரும் வாய்ப்பு, 0 இருந்தவர்களைவிட 7 மடங்குக்கும் மேல்.

வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 75 வயதில் 80 வந்தால் ஆச்சரியம் இல்லை. 42 வயதில் அதே 80 வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம்.

இந்த ஸ்கேன் உண்மையில் யாருக்குப் பயன்படும்? என் பார்வையில், கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை தொடங்கலாமா வேண்டாமா என்று இழுபறியில் இருப்பவர்களுக்கு. வயது, ரத்த அழுத்தம், கொலஸ்டிரால், புகைப்பழக்கம் எல்லாம் கணக்கிட்டு 'நடுத்தர ஆபத்து' என்று வந்தால், அங்கே இந்த எண் முடிவைத் திருப்பும். 2018-ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: 100 வந்தால் மாத்திரை தொடங்குங்கள், 0 வந்தால் இப்போதைக்குத் தள்ளிப் போடலாம். புகைபிடிப்பவர், சர்க்கரை நோய் உள்ளவர், குடும்பத்தில் இளவயதிலேயே மாரடைப்பு பார்த்தவர் ஆகியோருக்கு அந்தத் தள்ளிப்போடும் சலுகை பொருந்தாது. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கும் ஸ்டென்ட் வைத்தவருக்கும் இந்த ஸ்கேனே வீண். அவர்களுக்குச் சிகிச்சை முடிவாகிவிட்டது.

[திரை: நெஞ்சைப் பிடித்தபடி ஒருவர். சிவப்பு எச்சரிக்கைக் குறி.]

இன்னொன்று, இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நெஞ்சு இறுக்கமாகவோ வலியாகவோ இருக்கும்போது கால்சியம் ஸ்கேனுக்கு நாள் குறிக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். புதிய, மென்மையான படிவில் கால்சியம் இருக்காது. கிழியும் ஆபத்து உள்ள படிவுகளில் இதுவும் ஒன்று. ஸ்கோர் 0 வந்தாலும் அது அங்கே ஒளிந்திருக்கலாம்.

[திரை: சிடி ஆஞ்சியோ. டை ஓடும் குழாய், சுவரில் சாம்பல் நிறப் படிவு.]

அதையும் பார்க்க வேண்டுமென்றால் சிடி ஆஞ்சியோ. கை நரம்பில் அயோடின் கலந்த டை ஏற்றுவார்கள். உடம்பெல்லாம் ஒரு சூடு பரவும், பயப்பட ஒன்றுமில்லை. துடிப்பு நிமிடத்துக்கு 60 அளவுக்கு இறங்கினால்தான் படம் கலங்காமல் வரும் என்பதால் முன்னதாகவே ஒரு மாத்திரை தருவார்கள். குழாய் விரிய நாக்கில் நைட்ரோகிளிசரினும் உண்டு. சிறுநீரகக் கோளாறோ அயோடின் ஒவ்வாமையோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இதில் பாதையும் தெரியும், சுவரும் தெரியும். ஸ்காட்லாந்தில் நெஞ்சு வலியோடு வந்த 4,146 பேரிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான பரிசோதனை, மீதிப் பேருக்கு அதோடு சிடி ஆஞ்சியோ. 5 ஆண்டுகளில் இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் சேர்த்து முதல் குழுவில் 3.9 சதவீதம், இரண்டாவதில் 2.3. சுவாரஸ்யம் என்னவென்றால், ஸ்டென்டும் பைபாஸும் இரு குழுவிலும் ஏறக்குறைய சமம்தான். படத்தில் படிவைப் பார்த்த பிறகு சிடி குழுவில் கூடுதல் பேருக்குத் தடுப்பு மாத்திரைகள் போயின. வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம் அதுதான் என்று கருதப்படுகிறது.

[திரை: எக்கோ படம். திறந்து மூடும் வால்வு.]

ஒலி அலைகளால் இதயத்தைப் படம் பிடிக்கும் எக்கோவைப் பற்றி இரண்டு வார்த்தை. 1953-ல் சுவீடனில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் கப்பல் கட்டும் தளத்திலிருந்து கடன் வாங்கிய அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துத் தொடங்கியது. உலோகத்தில் விரிசல் தேடும் கருவி அது! எக்கோ வால்வைக் காட்டும், ஒவ்வொரு துடிப்பிலும் எத்தனை சதவீத ரத்தம் வெளியேறுகிறது என்று சொல்லும். ஆனால் குழாய்களின் அடைப்பை நேரடியாகக் காட்டாது. 'எக்கோ நார்மல், அதனால் பிளாக் இல்லை' என்பது தவறான முடிவு.

எம்ஆர்ஐயின் பலம் தழும்பு. பழைய மாரடைப்பில் எந்தத் தசை செத்தது, எது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை அதுபோல வேறு எதுவும் காட்டுவதில்லை. குழாய்க்குள் கம்பி நுழைத்துச் செய்யும் வழக்கமான ஆஞ்சியோ காட்டுவது டை நிரம்பிய பாதையின் நிழலை. சுவரை அது நேரடியாகக் காட்டாது.

[திரை: மீண்டும் எண் கோடு. பக்கத்தில் ஒரு நாட்காட்டி.]

கடைசியாக, திரும்ப எப்போது எடுப்பது? 0 வந்தவர், மற்ற ஆபத்துகளைப் பொறுத்து, 3 முதல் 7 ஆண்டு கழித்துப் பார்த்தால் போதும். ஸ்டாட்டின் சாப்பிடத் தொடங்கியவர், ஸ்கோர் குறைந்திருக்கிறதா என்று பார்க்க ஆண்டுதோறும் எடுப்பதில் பயனில்லை. அந்த மாத்திரை மென்மையான படிவைக் கெட்டியாக்கும், அதனால் ஸ்கோர் ஏறவே செய்யலாம். அதைப் பார்த்துவிட்டு மாத்திரை வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள்.