இரவில் பல்லைக் கடித்தால் ஈறு இறங்குமா? பல் ஆடுமா?

சரி, அடுத்த கேள்விக்கு வருவோம். கொஞ்சம் நீளமாக இருக்கிறது, சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் எழுதியிருக்கிறார். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதாக அவர் மனைவி சொல்கிறாராம். காலையில் எழுந்தால் தாடை இறுகிப்போய் இருக்கிறது. கீழ் முன்பற்கள் இரண்டு லேசாக ஆடுகின்றன, அந்த இடத்தில் ஈறும் இறங்கியிருக்கிறது. "கடிக்கிறதால்தான் ஈறு கெட்டுப்போச்சா? நைட் கார்டு போட்டால் பல் ஆடுவது நின்று, ஈறு பழையபடி ஏறிவிடுமா?" என்று கேட்கிறார். நைட் கார்டு என்பது தூங்கும்போது பல்லின் மேல் மாட்டிக்கொள்ளும் உறை. கடைசியில் ஆறு வயது மகனைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. அதற்கும் வருகிறேன்.

முதலில் நேரடியான பதில். அதிகமாகக் கடிப்பது பல்லைத் தேய்க்கும், விரிசல் விடவைக்கும், ஆட்டவும் செய்யும். ஆனால் ஈறை இறக்கி எலும்பைக் கரைப்பது பெரும்பாலும் பல்லில் படிகிற அழுக்கும், அது கல்லாக இறுகிய காரையும்தான். அதனால் நைட் கார்டு மட்டும் போட்டுக்கொண்டு ஈறு ஏறும் என்று காத்திருந்தால் ஏமாந்துதான் போவீர்கள்.

ஏன் அப்படி? பல் எலும்போடு நேரடியாக ஒட்டிக்கொண்டிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவில் சுமார் 0.2 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு, அதில் நார்கள்தான் பல்லைத் தாங்கிப் பிடித்திருக்கின்றன. மேலிருந்து நேராக விழும் பாரத்தை அந்த நார்கள் நன்றாகத் தாங்கும். பக்கவாட்டில் தள்ளினால்தான் சிரமம். மெல்லுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்து ஒரு நாளில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொட்டுக்கொள்ளும் நேரம் சுமார் 20 நிமிடம்தான் என்று சொல்வார்கள். மற்ற நேரத்தில் இரண்டுக்கும் நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். தூக்கத்தில் அரைப்பவர்களுக்கு இந்தக் கணக்கே தலைகீழாகிவிடுகிறது. அதிலும் அரைப்பது என்றாலே பக்கவாட்டு அசைவுதானே!

மண்ணில் ஊன்றிய கம்பை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டே இருந்தால் குழி அகலும், கம்பு ஆடும், ஆனால் தரைமட்டம் குறையாது. பல்லிலும் அதுதான் நடக்கிறது. எக்ஸ்ரே எடுத்தால் வேரைச் சுற்றி மெல்லிய கருப்புக் கோடாக இருக்க வேண்டிய அந்த இடைவெளி, தடித்துத் தெரியும். அந்த அழுத்தத்தை எடுத்துவிட்டால் பல் மெதுவாக மறுபடி இறுகிக்கொள்ளும்.

இது பழைய சண்டை. 1960களில் அமெரிக்காவில் கிளிக்மேன் என்ற பேராசிரியர், ஈறு நோயும் அதிகக் கடியும் கைகோத்துத்தான் எலும்பை அழிக்கின்றன என்று சொன்னார். அப்புறம் ஸ்வீடனில் நாய்களை வைத்தும் அமெரிக்காவில் குரங்குகளை வைத்தும் சோதித்தார்கள். ஈறு ஆரோக்கியமாக இருந்தால், எவ்வளவு ஆட்டினாலும் பல் தளர்ந்ததே தவிர ஈறின் பிடிமானம் போகவில்லை. ஏற்கெனவே ஈறு நோய் இருந்தபோது என்ன ஆகிறது என்பதில்தான் இரு தரப்பு முடிவும் ஒத்துப்போகவில்லை. நாய்களில் சேதம் வேகமானது, குரங்குகளில் பிடிமானம் கூடுதலாக இறங்கவில்லை. 2017இல் சிகாகோவில் அமெரிக்க, ஐரோப்பிய ஈறு நிபுணர்கள் கூடி எல்லா ஆய்வுகளையும் புரட்டிப் பார்த்தார்கள். அதிகக் கடியால் மனிதர்களுக்கு ஈறு இறங்குகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை என்றுதான் எழுதினார்கள். ஈறோரத்தில் பல் குழிந்துபோவதற்கும் கடியைக் காரணம் காட்ட ஆதாரம் போதவில்லை. அழுத்தித் தேய்க்கிற பிரஷையும் புளிப்பான பானங்களையும்தான் நான் முதலில் விசாரிப்பேன்.

இப்போது உங்கள் விஷயம். ஆடுவது கீழ் முன்பற்கள் என்கிறீர்கள். வாயில் காரை அதிகம் சேர்கிற இடமே அதுதான். நாக்குக்கு அடியில் எச்சில் சுரக்கும் துவாரம் அங்கேதான் திறக்கிறது, எச்சிலில் உள்ள தாதுக்கள் அழுக்கின் மேல் படிந்து கல்லாகிவிடும். நாக்கு நுனியால் அந்தப் பற்களின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால், பல்லுக்கு நடுவே இடைவெளியே தெரியாமல் அடைத்திருந்தால், முதல் வேலை கிளீனிங். எலும்பு ஏற்கெனவே குறைந்திருந்தால் சாதாரணமாக மெல்லுகிற அழுத்தம்கூட அந்தப் பல்லுக்கு அதிகம்தான். உங்களுக்கு இரண்டும் கலந்திருக்கலாம் என்பது என் ஊகம். சர்க்கரையோ சிகரெட்டோ இருந்தால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. "கிளீனிங் பண்ணினதுக்கு அப்புறம்தான் பல் ஆடுது" என்று பலர் சண்டைக்கு வருவார்கள். இரண்டு மூன்று பற்களைக் காரைதான் சேர்த்துக் கட்டிவைத்திருக்கும். அதை எடுத்ததும் உள்ளே இருந்த ஆட்டம் வெளியே தெரிகிறது. ஈறு ஆறியதும் கொஞ்சம் இறுகும். இழந்த எலும்பு மட்டும் தானாகத் திரும்பாது, இறங்கிய ஈறும் பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

கடியையும் பார்க்கத்தான் வேண்டும். மேல் முன்பற்களின் ஈறோரத்தில் விரலை வைத்துக்கொண்டு, பல்லைத் தட்டச் சொல்வோம். அதிகம் இடிக்கிற பல் இருந்தால் ஒவ்வொரு தட்டுக்கும் விரலில் அதிர்வு தெரியும். அப்புறம் நீலக் காகிதத்தைக் கடிக்க வைத்தால் எங்கே பாரம் விழுகிறது என்று திட்டுத் திட்டாகப் படியும். சமீபத்தில் ஃபில்லிங்கோ கேப்போ போட்டிருந்தால் அதைத்தான் முதலில் பார்ப்பேன். மரத்துப்போன வாயில் "சரியா இருக்கா?" என்று கேட்டால் யாராக இருந்தாலும் தலையாட்டிவிட்டுத்தான் வருவார்கள். கொஞ்சம் உயரமாக நின்றால் அந்தப் பல் கடிக்கும்போதெல்லாம் வலிக்கும், துளி தேய்த்துவிட்டால் சில நாளில் அடங்கிவிடும். ஆனால் கடியைச் சமன் செய்கிறேன் என்று நல்ல பற்களை வரிசையாகத் தேய்க்கச் சொன்னால், இன்னொரு மருத்துவரையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தேய்த்த எனாமல் திரும்பி வளராது.

சோற்றில் கல்லைக் கடித்தது போல, கடித்துவிட்டு வாயை எடுக்கும் நொடியில் சுரீர் என்று வலித்தால், அது விரிசலாக இருக்கலாம். எக்ஸ்ரேயில் அது பெரும்பாலும் தெரியாது. தள்ளிப்போட வேண்டாம்.

நைட் கார்டு பல் தேய்வதைத் தடுக்கும், கடிக்கிற பழக்கத்தை நிறுத்தாது. அளவெடுத்துச் செய்த கெட்டியான அக்ரிலிக் நல்லது. கடையில் கிடைக்கிற மெத்தென்ற வகையைச் சிலர் இன்னும் ஆசையாக மென்றுவிடுகிறார்கள். ஈறு சிகிச்சை முடிந்த பிறகு அளவெடுங்கள், அதற்கு முன்பு என்றால் பல் நகர்ந்து கார்டு பொருந்தாமல் போகலாம். வெந்நீரில் கழுவினால் வளைந்துவிடும். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நிற்கிறதா என்று மனைவியிடம் கேளுங்கள், அதற்கும் பல் கடிப்பதற்கும் தொடர்பு இருப்பது உண்டு. மன அழுத்தத்துக்கான சில மாத்திரைகளாலும் வரும், அதை நீங்களாக நிறுத்தாமல் எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லுங்கள். பகலில் வண்டி ஓட்டும்போதோ போன் பார்க்கும்போதோ பல்லை இறுக்குகிறீர்களா என்று கவனியுங்கள். உதடு சேர்ந்திருக்கலாம், பல் சேர வேண்டாம்.

மகன் விஷயம். அவனும் கடிக்கிறானாம், பூச்சி மருந்து கொடுக்கவா என்று கேட்கிறார். வயிற்றுப் பூச்சியால்தான் பிள்ளை பல்லைக் கடிக்கிறது என்று நம் வீடுகளில் காலங்காலமாகச் சொல்கிறோம், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பூச்சி மருந்தை அதற்கான முறைப்படி கொடுங்கள், பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேசியக் குடற்புழு நீக்க நாட்களில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கிறார்களே, அது போதும். பல் கடிப்பது பெரும்பாலான குழந்தைகளுக்கு வளர வளரத் தானாக நின்றுவிடும். பால் பல் விழுந்து முளைக்கிற வயதில் கார்டும் பொதுவாக வேண்டாம். அவன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினால், குறட்டையும் விட்டால், பல் மருத்துவரோடு காது மூக்கு தொண்டை மருத்துவரிடமும் காட்டுங்கள், டான்சிலோ, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ வீங்கியிருக்கலாம்.