தேதி கேட்ட நிருபர்

வணக்கம். இதழியல் படிக்கும் உங்களிடம் மருத்துவம் எழுதுவதைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் ஒரே ஒருவரைப் பற்றித்தான் பேசப்போகிறேன். எய்ட்ஸைப் பற்றி எழுதிய அமெரிக்க நிருபர் ராண்டி ஷில்ட்ஸ்.

அவர் டாக்டர் இல்லை. ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர். கெட்டிக்கார மாணவர்தான். ஆனாலும் தன்பாலீர்ப்பாளர் என்பதை மறைக்காததால், பல வருடங்கள் எந்தப் பெரிய நாளிதழும் வேலை தரவில்லை. கடைசியில் 1981இல் 'சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிக்கிள்' எடுத்துக்கொண்டது.

அதே வருடம் ஜூன் 5ஆம் தேதி அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசியின் வார அறிக்கையில் சின்னதாக ஒரு குறிப்பு வந்தது. லாஸ் ஏஞ்சலிஸில் 5 இளைஞர்களுக்கு அரிதான நுரையீரல் தொற்று. அறிக்கை வெளிவரும்போதே இருவர் இறந்துவிட்டார்கள். அதுதான் பிறகு எய்ட்ஸ் என்று பெயர் வாங்கியது.

1982 அக்டோபருக்கு வாருங்கள். சிகாகோ பகுதியில் டைலனால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்துவிட, 7 பேர் இறந்தார்கள். பத்திரிகைகள் நாள் தவறாமல் எழுதின. எய்ட்ஸில் அதற்குள் 200 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதற்குக் கிடைத்த இடமோ அங்கொன்றும் இங்கொன்றுமான சில செய்திகள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியவர் ஷில்ட்ஸ். எனக்கு இப்போது படித்தாலும் நெஞ்சு அடைக்கிறது.

1987இல் வந்த, எய்ட்ஸ் பற்றிய அவருடைய புத்தகம் 'அண்ட் தி பேண்ட் ப்ளேட் ஆன்' 600 பக்கங்களுக்கு மேல். திறந்து பாருங்கள், நாட்குறிப்பு மாதிரி தேதி, ஊர், தேதி, ஊர் என்றுதான் போகும். எந்தத் தேதியில் யாருக்கு என்ன தெரியும்? தெரிந்த பிறகு என்ன செய்தார்கள்? இந்த இரண்டு கேள்விகளை வைத்துக்கொண்டே அரசு, ரத்த வங்கிகள், விஞ்ஞானிகள், பத்திரிகைகள் எல்லாரையும் நிற்கவைத்தார். சொந்த ஜனங்களையும் விடவில்லை. தன்பாலீர்ப்பு ஆண்கள் உறவுக்காகக் கூடும் குளியல் விடுதிகளான, நோய் பரவும் இடமான பாத்ஹவுஸ்களை மூட வேண்டும் என்று நின்றார். துரோகி என்றார்கள், தெருவில் பார்த்தால் துப்பினார்கள். அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

சரி, அவர் செய்த தவறையும் சொல்ல வேண்டும். சிடிசி ஆய்வில் ஒரு நோயாளிக்கு 'ஓ' (O) என்ற ஆங்கில எழுத்துதான் குறியீடு. கலிபோர்னியாவுக்கு வெளியிலிருந்து வந்தவர் என்று அர்த்தம். அந்த எழுத்தைப் பார்த்தவர்கள் ஜீரோ என்று படித்தார்கள். கேட்டான் டுகாஸ் என்ற அந்தக் கனடா விமானப் பணியாளரைப் பெயர் சொல்லி, 'பேஷண்ட் ஜீரோ'வாக, அதாவது நோய்க்குத் தொடக்கமான நோயாளியாக எழுதினார் ஷில்ட்ஸ். டுகாஸ் 1984லேயே இறந்துவிட்டார், பதில் சொல்ல ஆளில்லை. புத்தகம் விற்க அந்தக் கதையைத்தான் முன்னால் தள்ளினார்கள். கிருமியை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவரே அவர்தான் என்று தலைப்புகள் ஓடின. 2016இல்தான் பழைய ரத்த மாதிரிகளின் மரபணு ஆய்வு உண்மையைச் சொன்னது. 1970 வாக்கிலேயே கிருமி நியூயார்க்கில் இருந்திருக்கிறது, டுகாஸ் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவர். 29 வருடங்கள் ஒரு மனிதனின் பெயர் அப்படிக் கிடந்தது. அத்தனை தேதிகளைச் சரிபார்த்தவர், ஒரு எழுத்தில் சறுக்கினார். எனக்கு அவர்மேல் எவ்வளவு மரியாதை இருந்தாலும் இதை மன்னித்துவிட்டுப் போக முடியவில்லை.

அந்தப் புத்தகத்தை எழுதும்போது அவரும் எச்ஐவி பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தார். எழுதி முடிக்கிறவரை முடிவைச் சொல்லாதீர்கள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டார். தெரிந்தால் எழுத்து ஒருபக்கம் சாய்ந்துவிடும் என்ற பயம். 1987 மார்ச்சில் சொன்னார்கள்: தொற்று இருக்கிறது.

1993 வரை அதை வெளியில் சொல்லவில்லை. சொன்னால் தன்னைப் போராளியாக்கிவிடுவார்கள், தனக்கு நிருபராகவே இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குள் அமெரிக்க ராணுவத்தில் தன்பாலீர்ப்பாளர்கள் பட்ட பாட்டைப் பற்றி அடுத்த புத்தகம். அதன் கடைசிப் பகுதியை மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி வாயால் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார்கள். 1994 பிப்ரவரி 17இல் இறந்தபோது அவருக்கு வயது 42.