செல்லைப் பாருங்கள், படிப்பை நிறுத்தாதீர்கள்

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம். வளரும் பிள்ளைகளின் செல்போனுக்கு வரும் மெசேஜ்களைப் பெற்றோர் படிக்கலாமா, கூடாதா என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்த எனக்கு இது பழகிய கேள்வி. பெற்றோர் கூட்டம் முடிந்ததும், மற்றவர்கள் போகட்டும் என்று காத்திருந்து, பெரும்பாலும் பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் வந்து கேட்பார்கள்.

அவர்கள் பயம் நியாயமானது. 2020-ல் பள்ளிகளை மூடியபோது, ஆன்லைன் வகுப்புக்கென்று கடன்பட்டு வாங்கிய போன் அப்படியே பிள்ளை கையில் தங்கிவிட்டது. அப்பாவும் அம்மாவும் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறார்கள். பிள்ளை பென்னாகரம் பக்கத்தில் பாட்டியோடு இருக்கிறது. பாட்டிக்குப் போன் வந்தால் எடுத்துப் பேசத் தெரியும், அவ்வளவுதான். கவலைப்படாமல் எப்படி இருக்க முடியும்?

ஆனால் மெசேஜைப் படித்த பிறகு நாம் என்ன செய்கிறோம் என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் பக்கத்தில் பல வீடுகளில் நடப்பது உங்களுக்கே தெரியும். கூடப் படிக்கிற பையன் ‘சாப்டியா’ என்று கேட்டு ஒரு வரி அனுப்பியிருப்பான். அதைப் பார்த்ததும் போனைப் பிடுங்குவார்கள், பள்ளிக்குப் போக வேண்டாம் என்பார்கள், அடுத்து தாய்மாமன் வீட்டில் கல்யாணப் பேச்சு. 18 வயதுக்குள் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும் செய்கிறார்கள். வகுப்பில் ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தால், மற்ற பெண்கள் எல்லாரும் அதிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்கள்: எதையும் வீட்டுக்குத் தெரியவிடக் கூடாது.

மறைக்க அவர்களுக்கு வழியா இல்லை? 24 மணி நேரத்தில் தானே அழிகிற மாதிரி வாட்ஸ்அப்பில் வைக்கலாம். ஒருவரோடு பேசுவதை மட்டும் தனியாகப் பூட்டலாம். பையனின் எண்ணைத் தோழி பெயரில் பதிந்து வைக்கலாம். நாம் கையை நீட்டும்போது போனில் ஒன்றுமே இருக்காது.

பத்தாவது படித்த ஒரு மாணவி, மதிய இடைவேளையில் சாப்பாட்டுப் பைக்குள் செல்லை ஒளித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். ஊர்த் திருவிழாவில் பாவாடை தாவணியில் எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டிருக்கிறாள். முகம் தெரியாத ஒருவன் அந்த முகத்தை வெட்டி, வேறொரு ஆபாசப் படத்தோடு ஒட்டி அவளுக்கே அனுப்பிவிட்டான். கீழே, ‘2000 ரூபாய் ஜிபே பண்ணு, இல்லன்னா உங்க அப்பாவுக்குப் போகும்’. பாட்டியின் சுருக்குப் பையிலிருந்து எடுத்த காசைக் கடைக்காரரிடம் கொடுத்து ஏற்கெனவே ஒருமுறை அனுப்பியிருந்தாள். “அம்மாகிட்ட சொன்னியா கண்ணு?” என்றேன். “சொன்னா படிப்பை நிறுத்திடுவாங்க மிஸ்” என்றாள். அந்தப் படம் பொய் என்று அவளுக்குத் தெரியும். அவளை மிரட்ட அவனுக்குக் கிடைத்த ஆயுதம் அவள் அப்பாவின் கோபம்தான்.

அதனால் செல்லைத் தொடுவதற்கு முன்பு பிள்ளையிடம் ஒரு வாக்குக் கொடுங்கள் என்கிறேன். “என்ன நடந்திருந்தாலும் எங்ககிட்ட சொல்லு. உன் படிப்பை நிறுத்த மாட்டோம், கல்யாணப் பேச்சும் எடுக்க மாட்டோம்.” இதை அப்பா தன் வாயால் சொல்ல வேண்டும். அம்மா மட்டும் சொன்னால் பிள்ளைகள் நம்புவதில்லை. சொன்னபடி நடக்கவும் வேண்டும்.

அப்புறம் பார்க்கிற முறை. பதின்மூன்று, பதினான்கு வயதில் பிள்ளைக்குத் தெரிந்தே, அதைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள். யார் யார் பேசுகிறார்கள் என்று கேளுங்கள். இரவில் போன் கூடத்தில் இருக்கட்டும். பதினாறு, பதினேழு ஆனபின், கண்ணுக்குத் தெரிந்து ஆபத்து இருந்தாலொழிய ஒவ்வொரு வரியையும் படிப்பதை நான் ஏற்க மாட்டேன். அதில் அவளை நம்பி மனம்விட்டுப் பேசிய தோழிகளின் ரகசியமும் இருக்கிறது.

பிள்ளைக்குத் தெரியாமல் வேவு பார்க்கிற ஆப் போடவே வேண்டாம். அப்படிப்பட்ட பல ஆப்களை நிறுவ, போனில் இருக்கிற பாதுகாப்பையே அணைக்கச் சொல்வார்கள். உங்கள் பெண்ணின் படமும் பேச்சும் யாரோ ஒருவனின் கணினிக்குப் போய்ச் சேரும். மாறாக, இன்ஸ்டாகிராமில் பதின்ம வயதினருக்கென்று 2024-ல் தனிக் கணக்கு முறை வந்திருக்கிறது. சரியான பிறந்த தேதியைக் கொடுத்தால் கணக்கு தானாகவே ‘பிரைவேட்’டாக, வெளியாட்கள் பார்க்க முடியாதபடி இருக்கும், அறிமுகமில்லாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது. பெற்றோர் மேற்பார்வையை இணைத்தால், கடந்த ஏழு நாளில் பிள்ளை யாரோடு பேசியது என்று தெரியும், என்ன பேசியது என்று தெரியாது. எனக்கு அந்த அளவு சரியாகப் படுகிறது. வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ என்ற இடத்தைத் திறந்து, வேறு யாராவது தன் கணக்கை இணைத்திருக்கிறார்களா என்று பார்க்கவும் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள்.

மிரட்டல் வந்துவிட்டால் பணம் அனுப்பாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் மறுபடியும் கேட்பான். மெசேஜை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. அந்தப் படத்தைச் சித்தப்பாவுக்கோ ஆசிரியருக்கோ அனுப்பிக் கேட்காதீர்கள். 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை யார் அனுப்பினாலும் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி குற்றம். போனை அப்படியே காவல் நிலையத்துக்குக் கொண்டு போங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள்.

ஆண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் இதே பேச்சுத்தான். அவர்களையும் மிரட்டுகிறார்கள். அவர்களில் சிலர் விளையாட்டாக நினைத்து அடுத்தவர் படத்தைச் சுற்றில் விடுகிறார்கள். அது வழக்கில் போய் முடியும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலை பார்த்துக்கொண்டு இதைக் கேட்கிற பெற்றோரே, தினமும் ஒரு நேரம் வைத்துப் பிள்ளையோடு பேசுங்கள். மதிப்பெண் கேட்காமல் பேசுங்கள். உங்களிடம் சொல்ல முடியாததை ஊரில் யாரிடம் சொல்லலாம் என்று கேட்டு, அது அத்தையோ டீச்சரோ, அவர் எண்ணைப் போனில் பதியச் சொல்லுங்கள். கூடவே குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் பதியச் சொல்லுங்கள். பகலோ இரவோ, பிள்ளை தானே கூப்பிடலாம். காசு கிடையாது. கல்யாணப் பேச்சு எடுத்தாலும் அதே எண்தான்.

வணக்கம்.