நோயல்ல, ஊர்வாயே தடை!

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, கோயில் வீதி மணலில் குந்தியிருக்கும் என் தாய்மாரே, வணக்கம்.

"மனநோயாளர் மீளத் தடையாக நிற்பது நோயின் கொடுமையா, ஊரின் பேச்சா?" ஊரின் பேச்சுத்தான் என்று வாதாட வந்தேன். ஆனால் எனக்கு முன்னே பேசிய எதிரணி அண்ணை சொன்னதை விட்டுவிட்டு மேலே போக எனக்கு மனமில்லை. என்ன சொன்னார்? "பங்கருக்குள்ள கிடந்த எங்கட ஆச்சிமாருக்கு எந்த டொக்டர் கவுன்சிலிங் குடுத்தவர்? இப்பத்தப் பிள்ளையளுக்குப் போன் சார்ஜ் இறங்கினாலே டிப்ரெஷன்!" நீங்களும் கைதட்டினீர்கள்.

அண்ணை, பங்கருக்குள் கிடந்த ஒருவரின் கதையைச் சொல்லுறன், கேளுங்கோ.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியம்மா. பின்னேரம் ஆறு மணியானால் போதும், நெஞ்சு படபடக்கும், கை விறைக்கும், பெருமூச்சு வரும். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள். இருதயத்தில் ஒரு பிழையும் இல்லை. உடனே ஒழுங்கை முழுக்கக் கதை: "இருதயம் நல்லா இருக்கெண்டால் இது வேற விஷயம்!" சாத்திரியார் சனி என்றார், எள்ளெண்ணெய் எரித்தார்கள். இன்னொருவர் செய்வினை என்றார். முருங்கைக்குக் கீழே கிண்டிச் செப்புத் தகடு எடுத்துக் காட்டினார். பெரியம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. படபடப்புப் போகவில்லை.

கடைசியாக வந்தவர் கழிப்புக் கழிக்கக் கறுப்புச் சேவல் கேட்டார். ஒரு வெள்ளை இறகும் இருக்கக்கூடாதாம். பெரியப்பா புதுக்குடியிருப்பிலிருந்து விசுவமடு வரைக்கும் சைக்கிள் உழக்கினார். கிடைத்தது சிவப்புச் சேவல். மனுசன் என்ன செய்தார்? தோசைக்கல்லுக் கரியை எண்ணெயில் குழைத்துச் சேவலுக்குப் பூசிவிட்டார்! இரவு பூசை. உடுக்கு அடிக்குது. மழை தூறுது. கரி கரையுது. பூசாரியார் கையில் கறுப்பாக ஏறின சேவல் சிவப்பாக மாறுது! "அம்மாளாச்சி வந்திட்டா!" என்று பூசாரியார் கையை விட, சேவல் ஓடுது. சேவலுக்குப் பின்னால் பூசாரியார், பூசாரியாருக்குப் பின்னால் பெரியப்பா, பெரியப்பாவுக்குப் பின்னால் எங்கள் வீட்டு நாய்! அங்கே பின்வரிசைத் தங்கச்சிமார், கேட்டதோ? முன்னுக்குச் சேவல், பிறகு பூசாரியார், பிறகு பெரியப்பா, கடைசியில் நாய்!

அதைப் பார்த்துப் பெரியம்மா சிரித்தா. 2009இல் யுத்தம் முடிந்த பிறகு அவ சிரித்து நாங்கள் கண்டதில்லை. "பேய் போயிட்டுது" என்று எல்லாரும் சோறு சமைத்தோம்.

அடுத்த நாள் பின்னேரம் ஆறு மணி. படபடப்பு வந்தது.

பிறகுதான் மனநலக் கிளினிக். அங்கே ஒரு பிள்ளை, டொக்டர், ஒரே ஒரு கேள்வி கேட்டா: "அம்மா, ஆறு மணிக்கு என்ன நடந்தது?"

கடைசி யுத்தத்தில், மாத்தளனில் கஞ்சி வரிசைக்குப் போன மகன் திரும்பவில்லை. அப்போது பின்னேரம் ஆறு மணி.

சாத்திரியார் கேட்கவில்லை. பூசாரியார் கேட்கவில்லை. சொந்தம் நாங்கள், நாங்களும் கேட்கவில்லை!

குளிசை கொடுத்தா. "உடனே தெரியாதம்மா, இரண்டு மூன்று கிழமை செல்லும்" என்றா. ஊர் சும்மா இருந்ததா? "அடிமையாயிடுவாய்" என்றது. மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அந்தக் குளிசைக்கு யாரும் அடிமையாவதில்லை. தானாகத் திடீரென்று நிறுத்துவதுதான் பிழை. பெரியம்மா ஊரைக் கேட்டு நிறுத்தி, பழையபடி விழுந்து, திரும்பவும் தொடங்கினா. மூச்சை மெல்ல வெளியே விடப் பழகினா. ஆறு மணிக்குத் தனியே இருக்காமல் பக்கத்து வீட்டில் போய்க் கிடுகு பின்னினா. சில மாதத்தில் நித்திரை வந்தது.

நோய் அடங்கியது நடுவர் அவர்களே, வாய் அடங்கியதா? கிளினிக் நாளில் பஸ் ஏறுமட்டும் குடையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு போவா. கேட்டால் "கால் நோவுக்கு" என்பா. மகளுக்கு வந்த சம்பந்தம் "தாய்க்கு விசராம்" என்ற ஒரு சொல்லில் நின்றுபோனது. இதற்கு எந்த டொக்டரிடம் குளிசை இருக்கிறது?

ஆச்சிமாருக்கு ஒன்றும் வரவில்லை என்கிறார் அண்ணை. 2009இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஆய்வு செய்தார்கள். 22.2 வீதமானோருக்கு மனச்சோர்வு, 32.6 வீதமானோருக்குப் பதகளிப்பு, அதுதான் ஓயாத பயமும் பதற்றமும். அவர்கள் தாங்கவில்லை அண்ணை, சொல்லவில்லை!

போன் பிள்ளைகளுக்கும் வருகிறேன். இரண்டு கிழமைக்கு மேலாக ஒரு பிள்ளை நித்திரையில்லாமல், சாப்பிட மனமில்லாமல், விளையாட்டையும் வெறுத்து மூலையில் இருந்தால் அது சார்ஜ் இறங்கினதில்லை. "சாகிற யோசனை வருதோ ராசா?" என்று நேரே கேளுங்கோ. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. மனம் திறக்க ஒரு வழி கிடைக்கும். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் போனில் பதிந்து வையுங்கோ.

நேரம் முடியப் போகிறது. இந்த ஒன்றை மட்டும் சொல்ல விடுங்கள். 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் போராட்டம் தொடங்கினார்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களோடு. அந்தத் தாயின் கண்ணீர் நோயில்லை. எந்த மருந்தும் அவன் எங்கே என்று சொல்லாது. ஆனால் அவள் நித்திரை கொள்ளவேண்டும், ஒரு பிடி சோறு தின்னவேண்டும், நாளைக்கும் எழும்பி அவனைத் தேடவேண்டும். "உந்த மனுசிக்கு விசர்" என்று தள்ளிப் போகாதேங்கோ அம்மா. பக்கத்தில் இருங்கோ. படத்தில் இருக்கிற பிள்ளையின் பேரைக் கேளுங்கோ. எத்தினையாம் வகுப்புப் படிச்சவன், என்ன கறி விருப்பம் என்று கேளுங்கோ. அவ சொல்லுவா. விடிய விடியச் சொல்லுவா!

நடுவர் மணி அடித்துவிட்டார். வணக்கம்.