ரெண்டாங்: வாணலியில் நடப்பதன் பெயர்

அவையோருக்கு வணக்கம்.

நோன்புப் பெருநாள் திறந்த இல்லங்களுக்குப் போய்வரும் உங்களுக்கு ரெண்டாங்கை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஓலையில் பொதிந்து வேகவைத்த சோறான கெத்துப்பாட்டுக்கும், மூங்கிலில் சுட்ட சோறான லெமாங்குக்கும் பக்கத்தில், கருத்துப்போய், எண்ணெய் மினுமினுக்க இருக்கும் இறைச்சி அது. இன்றைக்கு அந்தச் சொல்லைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

இந்தோனேசியாவில் மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவ் (சுருக்கமாக மினாங்) மக்கள் இதை 'ரண்டாங்' என்பார்கள். 'மரண்டாங்' என்பது வினை: அடுப்பில் வைத்து, கிளறிக்கொண்டே, ஈரம் போகும்வரை வறுப்பது. நாம் வறுவல், பொரியல், அவியல், துவையல் என்று செய்கையை வைத்தே பெயரிட்டிருக்கிறோமே, அந்த ரகம். பாயாகும்பு ஊரில் 'பாரே ரண்டாங்' என்று ஓர் இனிப்பு உண்டு. அரிசியை வறுத்து, மாவாக்கி, சர்க்கரை சேர்த்துச் செய்வது. அதில் இறைச்சியும் இல்லை, மிளகாயும் இல்லை. ஆனாலும் ரண்டாங்தான், அரிசி வறுபட்டிருக்கிறதல்லவா!

இனி இறைச்சிக்கு வருவோம். மாட்டிறைச்சியோ எருமை இறைச்சியோ, தேங்காய்ப்பால் நிறைய ஊற்றி, மிளகாய், பேரரத்தை, இஞ்சி, எலுமிச்சைப்புல், மஞ்சள் இலை எல்லாம் போட்டு அடுப்பில் ஏற்றுவார்கள். முதலில் பால் திரிந்துவிடாமல் துழாவ வேண்டும். தண்ணீராக இருக்கும் இந்த நிலைக்குப் பெயர் குலாய். பால் சுண்டிக் கெட்டியாகி, பழுப்பு ஏறி, எண்ணெய் பிரியத் தொடங்கினால் அது கலியோ. பலர் இத்தோடு அடுப்பை அணைத்துவிடுவார்கள். மினாங் பாட்டி அணைக்க மாட்டார். தண்ணீர் இருக்கும்வரை இறைச்சி வெந்துகொண்டுதான் இருக்கும். தண்ணீர் வற்றிய பிறகுதான் சூடு மேலே ஏறும், தேங்காய் விட்ட எண்ணெயிலேயே இறைச்சி வறுபடும், நிறம் கருக்கும். ஒரே சட்டியில் அவித்தல் முடிந்து வறுத்தல் தொடங்குகிறது. அந்த இரண்டாம் பாதிதான் ரெண்டாங். நாலு மணி நேரம் ஆகிவிடும், தீயைக் கூட்டினால் அடிபிடிக்கும். ஈரம் இப்படி வற்றிப்போவதால் வாரக்கணக்கில் கெடாது. பிழைப்புத் தேடி ஊர்விட்டுப் போகும் 'மெரந்தாவ்' வழக்கமுள்ள மக்களுக்கு இதைவிடத் தோதான கட்டுச்சோறு ஏது?

2018-இல் பிரிட்டனில் ஒரு தொலைக்காட்சிச் சமையல் போட்டி நடந்தது. மலேசியாவில் பிறந்த ஒரு பெண்மணி கோழி ரெண்டாங் வைத்தார். தோல் மொறுமொறுப்பாக இல்லை என்று நடுவர் குறை சொல்ல, மலேசியாவும் இந்தோனேசியாவும் சிங்கப்பூரும் ஒன்றாகக் கொதித்தன. வழக்கமாக 'ரெண்டாங் யாருடையது' என்று சண்டை போடுகிறவர்கள் அன்றைக்கு ஒரே கட்சி! குழம்பில் மெல்ல வெந்த கோழியின் தோல் எப்படி ஐயா மொறுமொறுக்கும்?

'ரெண்டாங் யாருடையது' என்ற சண்டைக்கு என் பதில் சுருக்கமானது. மினாங் மக்கள் மலேசியாவின் நெகிரி செம்பிலானில் குடியேறினார்கள், சட்டியும் கூடவே வந்தது. அங்கே சிலி பாடி என்னும் குட்டி மிளகாயோடு மஞ்சளையும் அரைத்து ஊற்றினார்கள், ரெண்டாங் மஞ்சளானது. பேராக் மாநிலத்தில் 'ரெண்டாங் தோக்' என்ற வகையானது. இந்தப் பக்கத்தில் தேங்காய்த்துருவலை வறுத்து இடித்த கெரிசிக்கையும் சேர்க்கிறோம். குழம்பு சீக்கிரம் கெட்டியாகிவிடும். சுமத்ராக்காரர் சிலர் முகம் சுளிக்கலாம், எனக்கு அந்த மணம் பிடிக்கும்.

நம்முடைய 'கறி'யும் மலாயில் 'காரி'யாகப் போய் உட்கார்ந்திருக்கிறது. ஆனால் மலேசியாவின் வடக்கே கெடா பக்கம் மலாய்க்காரர்கள் அதையே குலாய் என்பார்கள். இதே குலாய், மினாங் சமையலில் ரெண்டாங்கின் முதல் படி என்று சற்றுமுன் பார்த்தோம்.

அப்புறம், நம் ஊர் உணவகங்களில் ரெண்டாங் என்று குழம்போடு தருகிறார்களே, மினாங் கணக்கில் அது பெரும்பாலும் கலியோ. கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். சுடுசோற்றில் பிசைந்து சாப்பிட எனக்கு அதுதான் தோது.

நன்றி, வணக்கம்.